‘1000 வாட்ஸ்’ ஸ்டிக்கரை நம்பலாமா? நல்ல ஸ்பீக்கருக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபையரைத் தேர்வு செய்வது எப்படி?

“ஏனுங்ணா, இது எத்தனை வாட்ஸுங்க?”

மேட்டுப்பாளையத்தில் இருந்து கோவை வரை எந்த ஆடியோ கடையில் நின்றாலும் முதலில் காதில் விழும் கேள்வி இதுதான். கடைக்காரரும் அசராமல் “ஆயிரம் வாட்ஸுங்க” என்பார். பெட்டியின் முன்பக்க ஸ்டிக்கரும் அதையே சொல்லும். பேரம் முடிந்து பெட்டி வண்டியில் ஏறிவிடும்.

சிக்கல் பிறகுதான் ஆரம்பிக்கும். வீட்டில் பல வருஷமாகப் பாடிக்கொண்டிருந்த அசெம்பிள் செட்டில், ஆசைப்பட்டு வாங்கிய நல்ல புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரை இணைப்பார்கள். முதல் நாள் பாடகரின் குரல் தெளிவாகக் கேட்கும். கூடவே “உஸ்ஸ்” என்று ஒரு இரைச்சலும் கேட்கும். சத்தத்தைக் கூட்டினால் காது கூசும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் ஒரு பக்க ட்வீட்டர் பேசாது. “ஸ்பீக்கர் டூப்ளிகேட் போலிருக்கு” என்று பழி ஸ்பீக்கர் மேல் விழும்.

பெரும்பாலும் தப்பு ஸ்பீக்கரில் இருப்பதில்லை. பழைய செட்டை வைத்துக்கொள்ளலாமா, புதிதாக வாங்க வேண்டுமா, வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது? விரிவாகப் பார்ப்போம்.

நல்ல ஸ்பீக்கர் மாட்டியதும் பாட்டு ஏன் மோசமாகிறது?

சாதாரண ஸ்பீக்கர் பல குறைகளை மூடி மறைத்துவிடும். மெல்லிய இரைச்சல், ஹம் சத்தம், ஓரங்களில் வரும் கரகரப்பு எல்லாம் அதன் மந்தத்திலேயே அமுங்கிப் போகும். நுணுக்கமான ஸ்பீக்கர் அப்படியில்லை. 1986-ல் இளையராஜா வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தைப் போட்டால், வி.எஸ்.நரசிம்மனின் வயலினில் வில் நரம்பைத் தொடும் உரசல் வரை காட்டிக் கொடுக்கும். அதே நேர்மையோடு ஆம்ப்ளிஃபையரின் குறையையும் காட்டிக் கொடுக்கும். புது மூக்குக்கண்ணாடி போட்டதும் சுவரில் இருக்கும் அழுக்கு தெரிகிற மாதிரிதான். அழுக்கு நேற்றும் அங்கேதான் இருந்தது.

உண்மையில் எத்தனை வாட்ஸ் தேவை?

இதற்கு ஆம்ப்ளிஃபையரைப் பார்க்கும் முன் ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதன் பின்பக்கத்திலோ கையேட்டிலோ ‘சென்சிட்டிவிட்டி’ என்று ஓர் எண் இருக்கும். 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு 1 வாட் மின்சாரம் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பதுதான் அது.

வனபத்ரகாளியம்மன் கோயில் ஆடிக் குண்டம் சமயத்தில் கம்பத்தில் கட்டும் கூம்பு ஸ்பீக்கர்கள் 100 டெசிபலைத் தாண்டிய ரகம். கொஞ்சம் மின்சாரம் கொடுத்தாலே ஊருக்கே கேட்கும். வீட்டில் வைக்கும் நுணுக்கமான ஸ்பீக்கர்கள் பல இதற்கு நேர் எதிர். 1970-களின் தொடக்கத்தில் பிபிசி தன் ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற குட்டி ஸ்பீக்கர் இன்றும் பேர் சொல்லப்படுகிறது. அதன் சென்சிட்டிவிட்டி 83 டெசிபல் அளவுதான். அந்த வழியில் வந்ததாகச் சொல்லப்படும் கெஃப் நிறுவனத்தின் எல்எஸ்50 மெட்டா 85 டெசிபல்.

இப்போது ஒரு கணக்கு போடுவோம். நீங்கள் உட்காரும் சோஃபா ஸ்பீக்கரில் இருந்து 3 மீட்டர், அதாவது 10 அடி தள்ளி இருக்கிறது. தூரம் கூடும்போது சத்தம் குறையும். ஆனால் ஸ்பீக்கர் இரண்டு இருப்பதாலும், சுவர்கள் சத்தத்தைத் திருப்பி அனுப்புவதாலும் கொஞ்சம் மீண்டும் கிடைக்கும். எல்லாம் கழித்துக் கூட்டினால், 85 டெசிபல் ஸ்பீக்கருக்கு ஆளுக்கு 1 வாட் கொடுத்தால் சோஃபாவில் சுமார் 82 டெசிபல் வரும்.

ஒரு வாட்டுக்கே 82 டெசிபலா என்று தோன்றும். ஆமாங்க. வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டு ரசித்துப் பாட்டு கேட்கும் சராசரி சத்தம் 75 டெசிபல் பக்கம்தான் இருக்கும். அதற்கு கால் வாட் போதும்.

அப்புறம் எதற்கு பெரிய ஆம்ப்ளிஃபையர்? பாட்டு ஒரே மட்டத்தில் ஓடுவதில்லை. மிருதங்கத்தில் ஓர் அடி விழும் அந்தக் கண நேரத்துக்கு மட்டும் சத்தம் சராசரியைவிட 15 முதல் 20 டெசிபல் வரை எகிறும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் மின்சாரம் இரண்டு மடங்கு வேண்டும். 10 டெசிபலுக்கு பத்து மடங்கு, 20 டெசிபலுக்கு நூறு மடங்கு. கொஞ்சம் உற்சாகமாக 80 டெசிபல் சராசரியில் கேட்கிறீர்கள், உச்சம் 100 டெசிபலைத் தொடுகிறது என்றால், அந்த நொடிக்கு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சுமார் 63 வாட்ஸ் தேவை. அதே அறை, அதே சோஃபா, ஆனால் 95 டெசிபல் ஸ்பீக்கர் என்றால்? 6 வாட்ஸ் போதும்.

ஆக “எத்தனை வாட்ஸ்” என்ற கேள்விக்கு ஸ்பீக்கரையும் அறையையும் சொல்லாமல் பதிலே கிடையாது. சாதாரண ஹாலுக்கு ஒரு சேனலுக்கு 50 முதல் 100 வரை நிஜமான வாட்ஸ் இருந்தால் பெரும்பாலான ஸ்பீக்கர்களுக்குத் தாராளம். எல்எஸ்50 மெட்டாவுக்கு அந்த நிறுவனமே சொல்லும் அளவு 40 முதல் 100 வாட்ஸ். ‘நிஜமான’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அதற்கு வருவோம்.

8 ஓம்ஸ் என்று எழுதியிருந்தால் 8 ஓம்ஸ்தானா?

இல்லை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஸ்பீக்கரின் மின்தடை ஒரே எண்ணாக நிற்காது. தாழ்ந்த ஒலிக்கு ஒரு அளவு, நடு ஒலிக்கு ஒரு அளவு, மேல் ஒலிக்கு வேறு அளவு என்று மேட்டுப்பாளையம் - குன்னூர் ரயில் பாதை மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பெட்டியில் எழுதியிருப்பது ஒரு பெயரளவு எண் மட்டுமே. சர்வதேச அளவுகோலின்படி 8 ஓம்ஸ் என்று எழுதினால் எந்த இடத்திலும் அதில் 80 சதவீதத்துக்கு, அதாவது 6.4 ஓம்ஸுக்குக் கீழே போகக் கூடாது. ஆனால் எல்லோரும் அதைக் கடைப்பிடிப்பதில்லை. மேலே சொன்ன எல்எஸ்50 மெட்டாவின் விவரக் குறிப்பிலேயே ‘8 ஓம்ஸ், குறைந்தபட்சம் 3.5 ஓம்ஸ்’ என்று இருக்கும். அந்த இரண்டாவது எண்ணை வெளிப்படையாகப் போட்டதற்கு அவர்களைப் பாராட்டலாம். போடாதவர்கள்தான் அதிகம்.

இதனால் என்ன? 8 ஓம்ஸில் 60 வாட்ஸ் கொடுக்க ஆம்ப்ளிஃபையர் 2.7 ஆம்பியர் அனுப்பினால் போதும். அதே வால்யூமில் ஸ்பீக்கர் 3.5 ஓம்ஸுக்கு இறங்கினால் 6.3 ஆம்பியர் கேட்கும். இரண்டு மடங்குக்கும் மேல். ‘60 வாட்ஸ்’ என்று பெயர் வாங்கிய சின்ன ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட் சிங்க்கும் அங்கே மூச்சு வாங்கும். ஒன்று ஒலி நசுங்கும், இல்லை பாதுகாப்பு ரிலே விழும், அதுவும் இல்லையென்றால் டிரான்சிஸ்டர் போகும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “8 ஓம்ஸில் எவ்வளவு, 4 ஓம்ஸில் எவ்வளவு?” 8-ல் 60 என்றால் 4-ல் 100 அல்லது அதற்கு மேல் சொல்லும் ஆம்ப்ளிஃபையருக்கு தெம்பு இருக்கிறது. 4 ஓம்ஸ் அளவையே சொல்லாமல் ‘8 ஓம்ஸுக்குக் குறையாமல் இணைக்கவும்’ என்று பின்பக்கம் எழுதியிருந்தால், 3.5 ஓம்ஸுக்கு இறங்கும் ஸ்பீக்கருக்கு அதை வாங்க வேண்டாம்.

ஸ்டிக்கரை விடுங்க, டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்க

அமெரிக்காவில் வாட்ஸ் விளம்பரங்கள் எல்லை மீறியபோது, 1974-லேயே அந்நாட்டு வர்த்தக ஆணையம் வீட்டு ஆம்ப்ளிஃபையர்களுக்கு தனி விதி கொண்டு வந்தது. எந்த நிலைமையில் அளந்த வாட்ஸ் என்று சொல்லித்தான் விளம்பரம் செய்ய வேண்டும். அந்த விதியை 2024-ல் இன்னும் இறுக்கினார்கள். நம்ம ஊர் கடைகளில் பார்க்கும் ‘பிஎம்பிஓ’ வாட்ஸுக்கு இப்படி பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. எழுதுகிறவர் மனசுதான் எல்லை. பார்க்க வேண்டியது ‘ஆர்எம்எஸ்’ என்று போட்டிருக்கும் தொடர் வாட்ஸை.

அசெம்பிள் செட் என்றால் அந்த எண்ணும் இருக்காது. ஆனால் அதைவிட நல்ல சாட்சி உள்ளேயே இருக்கிறது: டிரான்ஸ்ஃபார்மர். அசெம்பிள் செய்து தருபவரிடமே கேளுங்கள், “உள்ள எந்த டிரான்ஸ்ஃபார்மர் போட்டிருக்கீங்க?” என்று.

‘24-0-24, 5 ஆம்பியர்’ என்று பதில் வந்தால் இப்படிக் கணக்குப் போடலாம். 24-ஐ 1.41-ஆல் பெருக்கினால் 34 வோல்ட். போர்டுக்குப் போகும் டிசி மின்சாரம் அதுதான். பாரம் ஏறும்போது வரும் இழப்பு போக 29 வோல்ட் வரை ஒலி அலை உயரலாம். 29-ஐ 29-ஆல் பெருக்கி 16-ஆல் வகுத்தால் 8 ஓம்ஸில் கிடைக்கும் வாட்ஸ்: சுமார் 52. போர்டில் ‘5200-1943’ டிரான்சிஸ்டர் எத்தனை ஜோடி அடுக்கியிருந்தாலும் இந்த 52 மாறாது. இரண்டு சேனலுக்கும் சேர்த்து டிரான்ஸ்ஃபார்மரின் மொத்தக் கொள்ளளவே 48 பெருக்கல் 5, அதாவது 240. ஸ்டிக்கரில் உள்ள ஆயிரம் எங்கிருந்து வந்தது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

‘12-0-12’ என்று சொன்னால், பிரிட்ஜ் செய்யாத சாதாரண போர்டில், ஒரு சேனலுக்கு 12 வாட்ஸ்தான் தேறும். 95 டெசிபல் ஸ்பீக்கருக்கு அது போதும். 85 டெசிபல் ஸ்பீக்கருக்கு மெல்லிய சத்தத்தில் கேட்டால் சரி, பசங்க வால்யூமை ஏற்றினால் ஆபத்து.

அசெம்பிள் செட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல டிரான்ஸ்ஃபார்மர் போட்டு, பாதுகாப்பு சர்க்யூட் வைத்து, நேர்த்தியாக வயரிங் செய்த செட், அதே விலைக்கு வரும் பளபளப்பான பிராண்ட் பெட்டியைத் தோற்கடித்துவிடும். ஐந்து சேனல், புளூடூத், கலர் லைட், கரோக்கி என்று எல்லாவற்றையும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் ஏற்றும்போதுதான் வம்பு. ஸ்டீரியோ ஸ்பீக்கருக்கு இரண்டே சேனல் போதும் என்று சொல்லிச் செய்து வாங்குங்கள்.

சின்ன ஆம்ப்ளிஃபையர் எப்படி ட்வீட்டரை எரிக்கும்?

‘ஸ்பீக்கர் 100 வாட்ஸ் தாங்கும், நம்ம ஆம்ப்ளிஃபையர் 20 வாட்ஸ்தான், அதனால் பத்திரம்’ என்று நினைப்பது இயல்பு. நடப்பது வேறு.

20 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையரிடம் 60 வாட்ஸ் கேட்டால், அது தன்னிடம் இருக்கும் வோல்ட்டேஜ் தீர்ந்ததும் அலையின் தலையை வெட்டிவிடும். மலை மாதிரி இருந்த அலை மேஜை மாதிரி தட்டையாகும். இதைத்தான் ‘கிளிப்பிங்’ என்கிறார்கள். வெட்டுப்பட்ட அலையில், பாட்டில் இல்லாத மேல் ஒலிகள் புதிதாக முளைக்கும். அவை நேராக ட்வீட்டருக்குப் போகும். உச்சங்கள் வெட்டுப்பட்ட பிறகும் வால்யூமை ஏற்றிக்கொண்டே போனால், பாட்டின் மெல்லிய பகுதிகளும் மேலே வந்து சராசரி மின்சாரம் கூடிக்கொண்டே போகும். ட்வீட்டரின் சுருள் முடி மாதிரி மெல்லிய கம்பி. அது தொடர்ந்து தாங்குவது சில வாட்ஸ்தான். ஸ்பீக்கர் மேல் எழுதியிருக்கும் 100 வாட்ஸ் முழுப் பெட்டிக்கும் சேர்த்துச் சொன்னது.

இதில் பாஸ் குமிழுக்குப் பெரிய பங்கு உண்டு. அதைத் திருகி 10 டெசிபல் ஏற்றினால், அந்தத் தாழ்ந்த ஒலிக்கு பத்து மடங்கு மின்சாரம் தேவை. 5 வாட்ஸில் நிம்மதியாக ஓடிய பாட்டு திடீரென்று 50 கேட்கும். ‘வால்யூம் பாதியில்தான் இருந்தது’ என்பதும் சாட்சியாகாது. வால்யூம் குமிழ் எங்கே நிற்கிறது என்பது உள்ளே வரும் சிக்னலைப் பொறுத்தது. 2 வோல்ட் அனுப்பும் சிடி பிளேயரை இணைத்திருந்தால் பாதிக்கு முன்பே ஆம்ப்ளிஃபையரின் முழு பலமும் தீர்ந்திருக்கலாம். காதுக்கு ஒரே ஓர் அடையாளம் போதும்: சத்தம் கூடாமல் கூச்சம் மட்டும் கூடுகிறது என்றால் உடனே குறையுங்கள்.

இன்னொரு விஷயம், விசேஷ வீடுகளில் மிஞ்சிய மைக் செட் ஆம்ப்ளிஃபையரை வீட்டு ஸ்பீக்கருக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் பின்னால் 70 வோல்ட், 100 வோல்ட் என்று தனி முனைகள் இருக்கும். அவை நீண்ட வயரில் பல கூம்புகளை ஓட்டுவதற்கானவை. வீட்டு ஸ்பீக்கரை தவறிக்கூட அதில் மாட்ட வேண்டாம்.

வால்வு ஆம்ப்ளிஃபையர் நல்லதா?

அழகாக இருக்கும், சத்தமும் இதமாக இருக்கும் என்று இப்போது கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். பொருத்தமான ஸ்பீக்கர் இருந்தால் தாராளமாக. கொச்சியில் தயாராகும் ரெதம் ஸ்பீக்கர்கள் சில வாட்ஸிலேயே பாடும் உயர் சென்சிட்டிவிட்டி வகை. அந்த மாதிரி ஸ்பீக்கருக்கு வால்வு நல்ல ஜோடி.

ஆனால் பல வால்வு ஆம்ப்ளிஃபையர்களுக்கு உள்மின்தடை அதிகம். உதாரணமாக 2 ஓம்ஸ் என்று வையுங்கள். 3.5 முதல் 25 ஓம்ஸ் வரை ஏறி இறங்கும் ஸ்பீக்கரில், அதனால் மட்டுமே ஒலிக்கு ஒலி 3 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வரும். ஸ்பீக்கரை உருவாக்கியவர் நினைத்த ஒலி வேறு, நீங்கள் கேட்பது வேறு. அது சிலருக்குப் பிடிக்கலாம். நுணுக்கமான ஸ்பீக்கருக்குப் பணம் கொடுத்துவிட்டு அதன் இயல்பையே மாற்றுவது எனக்கு உவப்பில்லை. நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரிலும், இப்போது சூடே ஆகாமல் வரும் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையரிலும் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

ஆம்ப்ளிஃபையரை மாற்றியும் காது கூசுகிறதா?

அப்படியென்றால் ஹாலைப் பாருங்கள். டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், கண்ணாடி ஜன்னல். கை தட்டினால் ‘டங்’ என்று திரும்பி வருகிறதா? அந்த எதிரொலிதான் கூச்சம். சோஃபாவுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரித்துப் பாருங்கள். ஜன்னலுக்கு கனமான திரை, சுவரில் புத்தக அலமாரி. ஜமக்காளம் மேல் ஒலியைத்தான் கொஞ்சம் உறிஞ்சும், தாழ்ந்த ஒலியின் குமுறலை ஒன்றும் செய்யாது. அதற்கு ஸ்பீக்கரை மூலையில் இருந்து இரண்டடி வெளியே இழுக்க வேண்டும். இரண்டுக்கும் ஆகும் செலவு ஆம்ப்ளிஃபையர் மாற்றுவதில் ஒரு துளி.

வயருக்கும் பெரிய செலவு தேவையே இல்லீங்க. எலக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 5 மீட்டர் ஓட்டத்துக்கு போக வர சேர்த்து 0.13 ஓம்ஸ்தான் தடை. வீட்டு ஹாலுக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய சோதனைகள்

ஸ்பீக்கரை மாட்டும் முன் ஒரு மல்டிமீட்டர் கடன் வாங்குங்கள். பாட்டு எதுவும் போடாமல், வால்யூமைக் குறைத்து, ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்ட்டேஜை அளக்கச் சொல்லுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. சில வோல்ட் காட்டினால் ஸ்பீக்கரை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அடுத்து, ஆன் செய்த சில நொடி கழித்து உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம் வருகிறதா? அது பாதுகாப்பு ரிலே. அசெம்பிள் செட்டில் செலவைக் குறைக்க முதலில் விடப்படுவது இந்தச் சின்ன போர்டுதான். அது இல்லாமல், மேலே சொன்ன 34 வோல்ட் செட்டில் ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால், அந்த டிசி முழுவதும் வூஃபருக்குள் பாயும். 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் சுருளின் டிசி தடை 6 ஓம்ஸ் பக்கம் இருக்கும். கணக்குப்படி 190 வாட்ஸ் வெறும் சூடு. சில நொடியில் புகை வரும். விலை உயர்ந்த ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் வேறு எதில் சமரசம் செய்தாலும் இதில் செய்யாதீர்கள்.

பிறகு இரைச்சல். பாட்டை நிறுத்திவிட்டு ட்வீட்டர் அருகே காதை வையுங்கள். அங்கே மெல்லிய ‘உஸ்’ இருந்தால் பரவாயில்லை, சோஃபாவில் கேட்கக் கூடாது. 95 டெசிபல் ஸ்பீக்கரில் இதே இரைச்சல் பத்து டெசிபல் கூடக் கேட்கும் என்பதால் அந்த வகை வாங்குபவர்கள் கடையிலேயே சோதிப்பது நல்லது.

‘உம்ம்ம்’ என்ற ஹம் வந்தால் செட்-டாப் பாக்ஸின் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் வில்லன் அந்தக் கேபிள் வழியே வரும் எர்த் பிரச்சினை. இதற்காக ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கச் சொல்லி யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள், அது உயிர் விஷயம். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் பெட்டி முனகினால், அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்க வாய்ப்பு அதிகம். சைன் வேவ் இன்வெர்ட்டரில் அந்த முனகல் இருக்காது. அதுவரை, கரண்ட் வரும் வரைக்கும் பாட்டை நிறுத்தி வைக்கலாம்.